தஸ்நேவிஸ் படுத்திருந்த பாட்டு

அந்தக் கோடையில் உலகத்தில் பாதிப் பேர் படுத்துக்கொண்டார்கள். படுத்தவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தச் சுகத்தில் படுத்திருப்பதாகத்தான் நினைத்தார்கள். அது சங்குமுனையைச் சேர்ந்த தஸ்நேவிஸ் என்ற மீன்பிடிக்காரனின் சுகம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சங்குமுனை தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிறது. தஸ்நேவிஸ் விடியலில் கடலுக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பி, மத்தியானம் முழுக்கக் கரையேற்றிய தன் ஃபைபர் படகின் மேல் படுத்திருப்பான். படுப்பது எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் அவன் படுத்தால் படகு மணலுக்குள் கொஞ்சம் இறங்கும். ஒரு காக்கா அவன் முழங்காலில் உட்கார்ந்து பாதி மீனைத் தின்றுவிட்டு, மீதியை அவன் வயிற்றின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போனதாக ஊரில் சொல்வார்கள். மறுநாள் என்பது மிகை. அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது.

எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "கெடக்கட்டும்."

இந்தப் பதிலோடு குடும்பம் நடத்தியவள் ஜெசிந்தா. மீனை ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோய் விலை பேசுவது, ஐஸ் வாங்குவது, பாளையங்கோட்டை விடுதியில் படிக்கும் இரண்டு மகள்களோடு போனில் மல்லுக்கட்டுவது எல்லாம் அவள் பாடு. அவள் பகலில் முதுகு சாய்த்ததே இல்லை. மத்தியானம் அடுப்படி வாசலில் நின்று கடற்கரையைப் பார்த்துத் திட்டுவாள். வீட்டுக்கும் படகுக்கும் நடுவே இரண்டு தென்னைதான். "கூரைத் தகரம் பேந்து கெடக்கு, கேஸு தீரப்போகுது, இஞ்சினுல எண்ண ஒழுகுது, நீரு அங்க மகாராசா கணக்கா கெடந்துக்கிட்டு இரும்" என்று தொடங்கினால், சோறு வடிக்கிற வரைக்கும் நிற்காது. பங்குச் சாமியார் மத்தியானச் செபத்துக்கு மணி அடிப்பதை அந்தக் குரலைக் கேட்டுத்தான் நேரம் பார்த்துச் செய்ததாகப் பேச்சு.

இப்படி இருந்த ஊருக்குத்தான் கொரியாவிலிருந்து ஆள் வந்தது.

வந்தவர்களுக்கு மொழிபெயர்க்க நன்மாறன் என்று சென்னைப் பையன் ஒருவன் கூட வந்திருந்தான். பையன் என்றால் காதோரம் நரைத்தவன். கொரிய முதலாளிகளுக்குப் பல வருஷம் மொழிபெயர்த்து, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு வரும் பணிவு அவனுக்கு வந்திருந்தது. அவன்தான் ஜெசிந்தாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான். உட்காரவைத்தான் என்பது தவறு. அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"முன்னெல்லாம் பாட்டுன்னா காதுல கேக்கிறதுக்கா. இப்போ மெய்ப்பாட்டு. பாடுறவங்க உடம்புல என்ன நடக்குதோ, அது கேக்கிறவங்க உடம்புலயும் நடக்கும். சோகப் பாட்டுன்னா உங்களுக்குத் தொண்டை அடைக்கும். காதல் பாட்டுன்னா..."

ஜெசிந்தா பார்த்த பார்வையில் காதல் பாட்டு அங்கேயே நின்றது.

இதற்குக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு வில்லை பதித்துக்கொள்ள வேண்டும். நகரத்தில் பாட்டுக்காகப் பதித்துக்கொண்டார்கள். சங்குமுனையில் கடலுக்குப் போகிற ஆண்கள் எல்லோருக்கும் அது ஏற்கெனவே இருந்தது. படகுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்கிறவர்கள், புயல் வந்தால் காதில் சொல்லவும், ஆள் கடலில் விழுந்தால் கண்டுபிடிக்கவும் என்று பதித்துவிட்டிருந்தார்கள். அது இல்லாமல் யாரும் படகைத் தண்ணீரில் இறக்க முடியாது. ஜெசிந்தா கடலுக்குப் போவதில்லை. அவள் காது காலியாக இருந்தது.

விஷயம் இதுதான். நாபி என்று ஐந்து பெண்கள் பாடும் ஒரு குழு. கொரிய மொழியில் வண்ணத்துப்பூச்சி என்று பொருளாம். பங்குச் சாமியார் மட்டும் கடைசி வரை அந்தப் பெயரைச் சொல்லும்போது தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். அந்தக் குழு கோடைக்கு ஒரு சோம்பேறிப் பாட்டு வெளியிட வேண்டும். பாட்டும் தாளமும் தயார். சுகம்தான் இல்லை. அந்தப் பெண்கள் பாவாடை கட்டுகிற வயசிலிருந்து ஆடவும் சிரிக்கவும் முழங்கால்களை ஒட்டிவைத்து உட்காரவும் பழக்கப்பட்டவர்கள். அவர்களைக் கடற்கரையில் ஊஞ்சலில் படுக்கவைத்து, உடம்பில் வருகிற ஓய்வைப் பதிவு செய்து பார்த்தார்கள். கேட்டவர்களுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஹே-வோன் என்ற பெண்ணின் ஓய்வைக் கேட்டவர்கள் எழுந்து போய் வீட்டைப் பெருக்கினார்கள்.

ஆகையால் உலகத்தில் எங்கே உண்மையான சுகம் இருக்கிறது என்று தேடினார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் தங்களிடம் இருந்த கடலோடிகளின் வில்லைக் கணக்கை விற்றார்கள். அதில் ஓர் இடத்தில் மட்டும் தினமும் மத்தியானம் அளவு காட்டும் முள் தூங்கியது.

ஜெசிந்தா முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சும்மா கெடக்கதுக்கு ஆளு தேடி கடல் தாண்டி வந்தியளாக்கும். எங்க தெருவுல ஒரு நாயும் கெடக்கு. அதையும் ஏத்திட்டுப் போங்க."

படப்பிடிப்பு நடந்தது. கரையில் இருந்த படகுகளுக்கெல்லாம் ஐஸ்கிரீம் நிறத்தில் பெயின்ட் அடித்தார்கள். ஐந்து பெண்களும் அவற்றின் மேல் சாய்ந்து ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அந்த ஒன்றும் செய்யாததைச் சொல்லிக்கொடுக்க ஒரு நடன ஆசிரியர் வந்திருந்தார். எந்தக் கால் எப்போது தொங்க வேண்டும், எந்தக் கை எப்போது இளநீரை எட்டிப் பிடிக்காமல் விட வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழக்கினார். மாலைக்குள் பெண்கள் களைத்துவிட்டார்கள்.

கேமராவுக்கு இந்தப் பக்கம், வலை நிழலில், தஸ்நேவிஸ் எப்போதும் போலத் தன் படகில் படுத்திருந்தான். அவனைச் சுற்றி வயர்கள். கருவியின் முன்னால் இருந்த கொரியர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார் என்று நன்மாறன் சொன்னான்.

ஜெசிந்தா அடுப்படி வாசலிலிருந்து தன் பங்கைத் தொடங்கினாள். நன்மாறன் ஓடி வந்தான். ஒலிப்பதிவு நடக்கிறது, தயவுசெய்து சத்தம் வேண்டாம் என்று கும்பிட்டான். அவள் வாயை மூடிக்கொண்டு மீனை உரசினாள். கொஞ்ச நேரத்தில் அவனே இன்னும் வேகமாகத் திரும்பி வந்தான். "அக்கா, ஒண்ணும் இல்ல. நீங்க எப்பவும் போல இருங்க. எப்பவும் போலவே."

வாயை மூடச் சொல்லுகிறான், பேசச் சொல்லுகிறான், நான் என்ன ரேடியோவா என்று அவளுக்கு வந்த கோபத்தில் தஸ்நேவிஸில் தொடங்கி, கொரியர்கள் வழியாக, பெயின்ட் அடித்த படகுகள் வரைக்கும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அன்றைய பதிவு நன்றாக வந்ததாகச் சொல்லி எல்லோரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

இடைவேளையில் ஹே-வோன் மட்டும் வந்து தஸ்நேவிஸ் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். எப்படி இது வருகிறது என்று நன்மாறன் மூலம் கேட்டாள். தஸ்நேவிஸ் கண்ணைத் திறக்காமல், "இதுல என்ன இருக்கு, கெடக்கட்டும்னு கெடக்க வேண்டியதுதான்" என்றான். அந்தச் சொல்லை அவள் இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பாட்டுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

பாட்டு வெளியானது. அதன் பிறகு நடந்ததைப் பத்திரிகைகள் அவரவர் வசதிப்படி எழுதின. நம்பத்தகுந்தவற்றை மட்டும் சொன்னால் போதும். ஒரு நாட்டில் மந்திரிசபையைக் கவிழ்க்க ஒன்றுகூடிய எதிர்க்கட்சிக்காரர்கள் வாக்கெடுப்பை மறுவாரத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த மறுவாரத்தையும் மறந்துபோனார்கள். இரண்டு நாட்டு எல்லைக் காவலர்கள் முள்வேலியின் இரண்டு பக்கமும் ஒரே மர நிழலில் படுத்திருந்தார்கள். ரயில்கள் தாமதமாக வந்தன, காத்திருந்தவர்கள் யாரும் மணி பார்க்கவில்லை. வீடியோவில் ஹே-வோன் வெளிர் மஞ்சள் படகில் சாய்ந்து, ஒரு கால் தொங்க, "கெதகத்தும்" என்று பாடும் இடத்தில் பிரசவ ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் அழுகையை நிறுத்தின.

சங்குமுனை ஏலக்கூடத்தில்கூட விலையை உயர்த்திக் கூவ ஆளில்லை. எல்லா ஆண்களும் கரையில் வரிசையாகக் கிடந்தார்கள். ஒருவனைத் தவிர.

பாட்டு வெளியான அன்று மத்தியானம் தஸ்நேவிஸ் வழக்கம்போலப் படகில் ஏறிப் படுத்தான். படகு இறங்கவில்லை. புரண்டு படுத்தான். எழுந்து உட்கார்ந்தான். மறுபடி படுத்தான். பிறகு இறங்கி வந்து, பேந்து கிடந்த கூரைத் தகரத்தை அடித்து முடித்தான்.

ஜெசிந்தாவுக்குக் கை கால் ஓடவில்லை. அடுத்த நாள் இஞ்சின் எண்ணெய் ஒழுகுவது நின்றது. அதற்கு அடுத்த நாள் கேஸ் வந்தது. தெருப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாய் என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரி தன் புருஷனைப் படகிலிருந்து உருட்டித் தள்ளியும் அவன் விழுந்த இடத்தில் அப்படியே தூங்கினான். ஜெசிந்தா தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். இவ்வளவு காலம் தொண்டை வறளக் கேட்டது கிடைத்துவிட்டது அல்லவா.

கொஞ்ச நாளில் அவளுக்கு வேறு ஒன்று தட்டுப்பட்டது. அவன் எதற்கும் "கெடக்கட்டும்" என்று சொல்வதில்லை. "சரி" என்றான். தண்ணி பிடிக்கணும் என்றால் சரி. பக்கத்து வீட்டு மிக்கேல் செத்துப்போனார் என்றால் சரி. மூத்தவள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்றாலும் சரி. சோதித்துப் பார்க்க ஒருநாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்தாள். அவன் தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். மறுநாள் உப்பை அள்ளிப் போட்டாள். அதையும் தின்றான்.

"உப்புக் கரிக்கலயா?"

"கரிக்குது."

"ஒண்ணும் சொல்லலய?"

"சொல்லணுமா?" என்று கேட்டான். கேலி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான்.

வேலை முடிந்தால் எங்கே நின்றானோ அங்கேயே நின்றான். யாராவது அடுத்த வேலையைச் சொல்லும் வரைக்கும் நின்றான். வீடு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கிற கூடம் மாதிரி ஆனது. ஜெசிந்தா அடுப்படி வாசலில் நின்று கடற்கரையைப் பார்ப்பாள். வாய் திறப்பாள். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சாமியாருக்கு மணி அடிக்கும் நேரம் தவறிப்போனது.

ஒருநாள் அவன் விரல் இஞ்சின் பட்டையில் மாட்டி நகம் பிய்ந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றான். வலிக்கிறதா என்றாள். வலிக்கிறது என்றான், பக்கத்து ஊரில் மழை பெய்கிறது என்று சொல்வது போல. அன்றைக்குத்தான் அவள் நன்மாறனைப் போனில் கூப்பிட்டு, நீ இங்கே வராவிட்டால் நான் அங்கே வருவேன் என்றாள். அவன் வந்துவிட்டான்.

ஒரு கருவியை தஸ்நேவிஸின் காதுப் பக்கம் வைத்துப் பார்த்தான்.

"அக்கா, பாட்டைக் காசு கொடுக்காம திருட்டுத்தனமா ஓட்டுறவங்க இருப்பாங்க. அதைத் தடுக்க எல்லா வில்லையிலயும் ஒரு காவல் வச்சிருக்காங்க. காசு கட்டாத உடம்புல அந்தச் சுகம் ஓடினா, வில்லை அதை அமுக்கிடும்."

"அதுக்கு இவியளுக்கு என்ன? இவிய பாட்டே கேக்கல" என்று ஜெசிந்தா புருஷனைக் காட்டினாள்.

"கேக்கல. ஆனா அண்ணன் படுத்தா, அவர் உடம்புல வர்றது அச்சு அசல் அந்தப் பாட்டுதான். வில்லைக்கு வித்தியாசம் தெரியாது. திருட்டுப் பாட்டுன்னு நெனச்சு அமுக்குது."

"அவிய சுகத்த அவியளே திருடுதாவளோ?"

"அப்படித்தான்க்கா கணக்கு."

"சுகத்த அமுக்கினா சுகம்தான போவணும். வலி, கோவம், நாக்கு ருசி எல்லாம் எங்க போச்சு?"

"நானும் கேட்டேன். அந்தச் சுகம்தான் அவருக்குத் தரையாம். மத்ததெல்லாம் அதுல இருந்து எழும்பி வரணும். தரையைப் பேத்துட்டா எழும்ப எடம் இல்லன்னு சொல்றாங்க."

வில்லையைப் பிடுங்கிவிட முடியாது, எலும்போடு ஒட்டியிருந்தது. பிடுங்கினாலும் அதன் பிறகு கடலுக்குப் போக முடியாது. இவர்தான் அசல் என்று கம்பெனியிடம் முறையிடலாம், நன்மாறன் முறையிட்டும் இருந்தான். பாட்டின் சுகம் ஹே-வோன் பெயரில் பதிவாகியிருந்தது. அசல் என்று நிரூபிக்க வேண்டுமானால் இவர் ஒருமுறை சுகமாகப் படுத்துக் காட்ட வேண்டும் என்று பதில் வந்தது. படுத்தால் வில்லை அமுக்கியது. ஆகவே முறையீடு தள்ளுபடி.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மாதாமாதம் சந்தா கட்டிப் பாட்டைக் கேட்பது; பாட்டு ஓடும் நேரம் மட்டும் காவல் விலகும். நன்மாறன் தன் செலவில் அதையும் செய்தான். தஸ்நேவிஸ் படகில் படுத்துப் பாட்டைக் கேட்டான். முகம் மெல்லத் தளர்ந்தது. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்து முகக் கிரீம் விளம்பரம் வந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றான். கொஞ்சம் யோசித்து, "வாடகைக்கு விட்ட வீட்ட தெருவுல நின்னு பாத்த மாதிரி இருக்கு" என்றான். அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை.

நன்மாறன் புறப்படவில்லை. இன்னொரு விஷயம் இருக்கிறது என்று இழுத்தான். பாட்டுக்கு ஏதோ பெரிய பரிசு கொடுக்கப்போகிறார்கள். அதற்கு முன்னால் பதிவை அலசியபோது அடியில் ஒரு குரல் இருப்பது தெரிந்தது. ஐந்து பெண்களின் குரல் இல்லை. அந்தக் குரலுக்கு உரியவர் சம்மதம் தந்தால்தான் பாட்டு தொடர்ந்து ஓடலாம்.

"யாரு குரலு?"

"நீங்களே கேளுங்கக்கா." வில்லை இல்லாதவர்கள் கேட்பதற்கென்று காதின் பின்னால் ஒட்டுகிற இரண்டு பட்டைகளை எடுத்து ஒட்டினான்.

ஜெசிந்தா அதுவரை அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. அடுப்படி வாசலிலேயே, நிலையில் கை வைத்தபடி கேட்டாள். முதலில் முதுகில் ஃபைபரின் இளஞ்சூடு வந்தது. வலை நிழல் முகத்தில் கட்டம் கட்டமாக விழுந்தது. கால் கட்டைவிரல் தன்பாட்டுக்கு விரிந்தது. தன் உடம்பில் இவ்வளவு முடிச்சுகள் இருந்தன என்று, அவை அவிழும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு தூரத்திலிருந்து ஒரு குரல். சொல் புரியாத தூரம். ஆனால் அந்த ஏற்றமும் இறக்கமும் அவளுக்குத் தெரியாதா. தகரம், கேஸு, இஞ்சின் எண்ணெய்.

எரிச்சல் வரும் என்று எதிர்பார்த்தாள். எந்த மனுஷனுக்கும் வரும். வரவில்லை. ஒவ்வொரு ஏசலுக்கும் உடம்பு இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தகரமும் கேஸும் பிள்ளைகளும் அவள் கண்ணில் இருக்கின்றன, கடல் வந்து ஊரைக் கொண்டுபோனாலும் முதலில் அவள் சத்தம் போடுவாள், அதுவரை ஒன்றும் இல்லை. அப்படி இருந்தது அந்தச் சுகம்.

பாட்டு முடிந்தது. முகக் கிரீம் விளம்பரமும் முடிந்தது. அவள் பட்டைகளைப் பிய்த்து நன்மாறன் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு என்னிய வாய மூடச் சொன்னியே. அப்புறம் எதுக்குப் பேசச் சொன்ன?"

"நீங்க நிறுத்தினதும் முள் எகிறிடுச்சுக்கா. அண்ணன் எழுந்து உக்காந்து, அவளுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு."

அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். அழுதாளா என்று கேட்டால், அப்படி ஒன்றும் தெரியவில்லை. அரிசியைத் தேவைக்கு மேல் களைந்தாள். வெள்ளைத் தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்தாள். இவ்வளவு வருஷமும் அவன் படுத்திருந்தது தன் மேல்தான் என்பது ஒரு பக்கம் இனித்தது. தனக்குப் படுக்க அப்படி ஒன்று கிடைக்கவில்லையே என்பது மறுபக்கம் உறைத்தது. இரண்டும் ஒரே வாயில் வந்தால் என்ன ருசி என்று சொல்ல முடியாது.

"நான் சம்மதிக்கலன்னா?"

"உங்க குரலை எடுத்துட்டுப் பாட்டை ஓட்டிப் பாத்தாங்க. கேட்டவங்க எழுந்து எழுந்து வாசலைப் பாக்குறாங்க. வேற ஆளை வச்சும் திட்டிப் பாத்தாச்சு, ஒட்டல. நீங்க இல்லன்னா பாட்டை எடுத்துடுவாங்க. எடுத்துட்டா காவலும் போயிடும். அண்ணனுக்கு அமுக்குறது நின்னுடும்."

சம்மதித்தால் கம்பெனி என்னென்ன தரும் என்பதையும் அவன் சொல்லத் தொடங்கினான். அவள் கையை ஆட்டி நிறுத்தினாள். அப்போது அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, ஹே-வோன் பேச வேண்டும் என்கிறாள் என்றான்.

திரையில் அந்தப் பெண்ணின் முகம் வந்தது. ஒப்பனை இல்லாமல் ஏதோ வேனுக்குள் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள், அவளுக்குச் சிரிக்காமல் பேசத் தெரியாது. அவள் சொன்னதை நன்மாறன் தலையைக் குனிந்தபடி சொல்லிக்கொண்டே வந்தான். கம்பெனிக்காக அவள் கேட்கவில்லை. அந்தச் சுகம் தன் பெயரில் இருக்கிறது, தன்னுடையது இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பாட்டு வந்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வருகிறது. பாட்டு ஓடுகிற நேரம் மட்டும். அதற்கு முன்னால் தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை. எடுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

ஜெசிந்தா ஈரக் கையோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்த மகளைவிட இரண்டு மூன்று வயசு கூட இருக்கும்.

"இந்தப் பிள்ளையத் திட்ட அங்க யாரும் இல்லியா?"

நன்மாறன் கேட்டான். பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. "நாள் முழுக்கத் திட்டுறாங்களாம். ஆனா எல்லாரும் எழுப்பி விடுறதுக்குத்தான் திட்டுறாங்க. படுக்க விட்டுட்டு யாரும் திட்டினதில்லையாம்."

வெளியே தஸ்நேவிஸ் நின்றுகொண்டிருந்தான். வேலை முடிந்துவிட்டது. அடுத்தது என்ன என்று யாராவது சொல்லக் காத்திருந்தான். பிய்ந்த நகத்தின் துணி அழுக்காகியிருந்தது, மாற்றச் சொன்னால் மாற்றியிருப்பான்.

"சம்மதம் இல்லன்னு சொல்லிரு" என்றாள் ஜெசிந்தா. "என் நம்பர அந்தப் பிள்ளைக்குக் குடு. மத்தியானம் அடுப்படியில நான் பேசிக்கிட்டேதான் கெடப்பேன். போனத் தொறந்து வைக்கதுல எனக்கு ஒண்ணும் கொறையாது."

பாட்டை எடுத்துவிட்டார்கள். உலகம் எழுந்து கொட்டாவி விட்டது. ஆட்சிகள் பழையபடி கவிழ்ந்தன. எல்லைக் காவலர்கள் ஒருவர்மேல் ஒருவர் கல்லெறிந்தார்கள், தெரிந்த முகம் என்பதால் முதல் சில கற்கள் குறி தவறின. அதற்குள் வேறொரு குழு மழைப் பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. கேட்டால் முதுகில் ஈரம் படும் என்றார்கள். எல்லோரும் அதற்குப் போய்விட்டார்கள்.

நன்மாறன் போன் செய்து, வில்லை இப்போது எதையும் அமுக்கவில்லை, கம்பெனிக் கணக்கில் நானே பார்த்துவிட்டேன் என்றான்.

அன்று மத்தியானம் ஜெசிந்தா தஸ்நேவிஸைப் படகில் படுக்கச் சொன்னாள். சரி என்று படுத்தான். அவள் அடுப்படி வாசலுக்கு வந்து, தாழ்ப்பாள் பக்கத்தில் போனைத் திறந்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமினாள்.

"தகரம் பேந்து கெடக்கு" என்றாள்.

தகரம் பேந்து கிடக்கவில்லை. அவன் அடித்துவிட்டான். அவள் குரல் அவளுக்கே நாடகத்துக்கு ஒப்பித்த மாதிரி கேட்டது. எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் திட்டினாள். அந்த நடன ஆசிரியர் நினைவுக்கு வந்தார். தஸ்நேவிஸ் எழுந்து உட்கார்ந்து, "தகரத்த நான் அடிச்சிட்டேனே" என்றான்.

தினமும் செய்து பார்த்தார்கள். அவன் படுத்தான், அவள் திட்டினாள். படகு இறங்கவில்லை. அவன் எழுந்து வந்து ஏதாவது வேலை செய்தான். போனின் மறுபக்கம் ஹே-வோன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை. சில நாளில் ஜெசிந்தாவுக்கும் திட்டுவதே விட்டுப்போனது. கோபம் வர வேண்டிய இடத்தில் தடவிப் பார்த்தாள். அங்கே மரத்துப்போயிருந்தது. இருவருமாக "சரி", "சரி" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஐப்பசி பிறக்கும் முன்னால் ஒரு மத்தியானம். அடுப்பில் மீன்குழம்பு. குழம்பை தஸ்நேவிஸ் கிண்டிக்கொண்டிருந்தான், இப்போதெல்லாம் அதையும் அவனே செய்தான். ஜெசிந்தாவுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ஹே-வோனுக்காகத் திறந்து வைத்த போனைக் கையில் வைத்தபடி படகு வரைக்கும் நடந்தாள். படப்பிடிப்புக்கு அடித்த பெயின்ட் உப்புக் காற்றில் உரிந்து பழைய நீலம் தெரிந்தது. அவன் படுத்துப் படுத்துத் தேய்ந்த இடத்தைக் கையால் தடவினாள். சும்மா உட்கார்ந்தாள். பிறகு, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்து முடிப்பதற்குள், சாய்ந்துவிட்டாள். போனை மார்பில் வைத்துக்கொண்டாள். சுகம் ஒன்றும் இல்லை. முதுகில் ஏதோ குத்தியது.

"ஜெசிந்தா, குழம்பு கொதிக்கு" என்று வீட்டிலிருந்து குரல் வந்தது. ரயில் வருவதை அறிவிக்கிற குரல்.

அவள் கால்கள் பழக்கத்தில் எழுந்துகொள்ளப் பார்த்தன. என்னமோ, விட்டுவிட்டாள்.

"ஜெசிந்தா, அடுப்ப அணைக்கட்டா?"

பதில் சொல்லவில்லை. காற்று அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு பாத்திரம் விழுந்தது.

"ஏளா!"

பாட்டு வெளியான நாளிலிருந்து அவன் தன்னை அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்கவில்லை.

"ஏளா, காது அடச்சுப் போச்சா? புளிய எங்க வச்சிருக்க?" வெகுநாள் ஓடாத இஞ்சினைக் கயிறு இழுத்தால் இருமுமே, அப்படி ஒரு குரல். ஒருமுறை நின்றது. மறுபடி இழுத்தது. பிடித்துக்கொண்டது. "இங்க ஒருத்தன் அடுப்படியில வெந்து சாகுதேன், நீ அங்க மகாராணி கணக்கா கெடக்கியோ? டப்பாவ ஒரு எடத்துல வைக்கியா ஒரு எடத்துல? உப்பு டப்பாவுல சீனி, சீனி டப்பாவுல ஊசி! எவன் கண்டுபிடிப்பான்? மீனு கரைஞ்சு முள்ளாப் போச்சு! பெரிய வேலக்காரியாம்ல, வேலக்காரி..."

எரிச்சல். கலப்படம் இல்லாத, காந்துகிற எரிச்சல். இது யார் பெயரிலும் பதிவாகியிருக்கவில்லை.

ஜெசிந்தா கண்ணை மூடினாள். புளி அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில், காபித்தூள் டப்பாவில் இருந்தது. சொல்லியிருக்கலாம். குரல் அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தது, வாசலில் நின்று ஓங்கியது. குழம்பை அவன் பார்த்துக்கொள்வான். டப்பாக்களைப் பார்த்துக்கொள்வான். கால் கட்டைவிரல் தன்பாட்டுக்கு விரிந்தது.

"கெடக்கட்டும்" என்றாள், யாருக்கும் கேட்காமல்.

மார்பின் மேல் இருந்த போனில் எப்போதிருந்தோ பேச்சில்லை. ஒரு நீண்ட மூச்சு மட்டும் வந்தது, போனது, வந்தது. வாசலில் தஸ்நேவிஸ் மகள்களின் விடுதிச் சாப்பாட்டைத் திட்டுவது வரைக்கும் போய்விட்டிருந்தான். படகு மணலுக்குள் கொஞ்சம் இறங்கியது.